ஐம்பது வெள்ளியும் உதிரிப் பழமும்

கேட்டவர் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் ஒரு தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டில் இருக்கும் இளம் தாய். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. கணவருக்குச் சுங்கைப்பட்டாணியில் ஷிஃப்ட் வேலை. மாமியார் கூடவே இருக்கிறார். அவர் இந்து, ஆயுசில் பாதியைத் தோட்டத்தில் கழித்தவர். கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: “அன்றாடம் வீட்டில் நடக்கிறதை வைத்தே பிள்ளைகளுக்கு விசுவாசப் பாடம் சொல்லுங்கள் என்கிறார்கள். நானும் செய்து பார்த்தேன். பால் சிந்தினால் ஒரு வசனம், செருப்பு தொலைந்தால் ஒரு வசனம். இப்போது நான் வாயைத் திறந்தாலே மகள், ‘அம்மா, பாடமா?’ என்கிறாள். புத்தகங்களில் வரும் உதாரணமெல்லாம் பனியும் ஆட்டுக்குட்டியும். என் பிள்ளைகள் ஆட்டைப் பார்ப்பது கறிக்கடையில்தான். நான் எங்கே தப்புப் பண்ணுகிறேன்?”

மகளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், தங்கச்சி. அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

நானும் பீடோங்தான். கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், பிறந்து டவுனுக்கு வந்தவள். சபையில் இருபத்தாறு வருஷம் ஞாயிறு பள்ளி எடுத்தேன். ஞாயிறு பள்ளி என்பது பெயருக்குத்தான். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் எங்கள் ஞாயிறு பள்ளி நடப்பது வெள்ளிக்கிழமை காலையில். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். கோலாலம்பூரிலிருந்து மாறி வந்த ஒரு பையன், “டீச்சர், அப்ப இங்க ஆண்டவருக்கு எப்ப லீவு?” என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். ஆனால் வாரத்தில் ஒரு மணி நேரத்தை நம்பி இந்த ஊரில் பிள்ளை வளர்க்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக உறைத்தது. அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புதிதில்லை.

நீங்கள் போகும் திசைதான் தப்பு என்று நினைக்கிறேன். வீட்டில் ஏதாவது நடந்ததும் வசனத்தைத் தேடி ஓடுகிறீர்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். வசனத்தை வாசிக்கும்போது வீடு தானாக உள்ளே வரட்டும். பால் சிந்தின நேரத்தில் வேண்டியது துடைக்கத் துணி. அந்த நேரத்தில் வசனம் வந்தால் அது பிரம்பைப் போலத்தான் பிள்ளையின் மேல் விழும். மூன்று மாதம் கழித்து வேறு எதையோ வாசிக்கும்போது, “அன்னிக்குப் பால் கொட்டினப்ப நீங்க ஒண்ணுமே சொல்லலையேம்மா” என்று அவளே எடுத்துக் கொடுப்பாள். நீங்கள் தேடுகிற பாடம் அப்போதுதான் வரும்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. பஸ்காவைப் பற்றிச் சொல்லும்போது யாத்திராகமம், “இந்த ஆராதனையின் கருத்து என்ன” என்று பிள்ளைகள் கேட்டால் இன்ன பதில் சொல்லுங்கள் என்கிறது. யோர்தானிலிருந்து எடுத்து வைத்த பன்னிரண்டு கற்களுக்கும் அதே முறைதான்: நாளைக்குப் பிள்ளைகள் இந்தக் கற்கள் எதற்கு என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் கேள்வி பிள்ளையிடமிருந்து வருகிறது. பெரியவர்களின் வேலை கல்லை அடுக்குவது, ஆட்டை அடிப்பது, ரொட்டி சுடுவது. பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்து, தாங்க முடியாமல் ஒரு நாள் கேட்கும். நாமோ கேள்வி வரும் முன்பே பதிலைத் தட்டில் வைத்து நீட்டுகிறோம், பசிக்காத பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி.

உபாகமம் 6ஆம் அதிகாரத்தை எல்லோரும் காட்டுவார்கள், உங்களுக்கும் காட்டியிருப்பார்கள். “நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்” என்று நான்கு நேரம் சொல்கிறது. நான்கில் ஒன்றுகூட ஜெப நேரம் இல்லை, கவனித்தீர்களா? உட்காருவது, நடப்பது, படுப்பது, எழுவது. ஷிஃப்ட் வேலைக்காரர் வீட்டிலும் இந்த நான்கும் நடந்துதான் ஆக வேண்டும்.

என் அப்பா பால் வெட்டுக்காரர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். ஐந்நூறு மரத்துக்கு மேல் வெட்டி, பசியாறிவிட்டு, அப்புறம் மரத்து மங்குகளில் (கிண்ணங்களில்) நிறைந்த பாலை வாளியில் சேர்த்துக் காண்டாவில் (தோள் கம்பில்) தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. அப்படி ஒரு மழை நாளில் அப்பா ஜெபம் பண்ணும்போது, “மழைக்காக ஸ்தோத்திரம்” என்றார். எனக்கு எட்டு வயது இருக்கும். ஜெபம் முடிகிற வரைக்கும் பொறுக்கவில்லை. “கூலியே இல்லைங்கறீங்க, அப்புறம் எதுக்கு மழைக்கு ஸ்தோத்திரம்?” என்றேன். அப்பா கண்ணைத் திறக்காமலே, “மரமும் குடிக்கணும்ல” என்றார். அவ்வளவுதான், ஜெபம் தொடர்ந்தது. “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்ற வரியைச் சொல்லும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குத் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்கிறது. அந்த ‘இன்று’ என்ற சொல்லுக்கு எந்தப் போதகரும் எனக்கு அதைவிட நல்ல விளக்கம் கொடுத்ததில்லை.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும். திராட்சத்தோட்ட வேலையாட்கள் உவமை தெரியும் அல்லவா, மத்தேயு 20. காலையில் வந்தவனுக்கும் ஒரு பணம் கூலி, சாயந்தரம் ஒரு மணி நேரம் மட்டும் வேலை பார்த்தவனுக்கும் அதே ஒரு பணம். அப்பாவுக்கு இந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. பால் நிறுவைக்குப் போகும்போது கிராணி (கணக்குப்பிள்ளை) எழுதுகிற எண்ணை எட்டிப் பார்த்தே வாழ்ந்த மனுஷன். பாலில் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்று அளந்து கூலி போடுகிற உலகம் அது. “தெரியாம சொல்லியிருக்கார்” என்று இயேசுவைப் பற்றியே முனகுவார். அம்மா பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொள்வாள் (நாங்கள் மெதடிஸ்ட், அம்மா கத்தோலிக்க வீட்டுப் பெண், அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை).

இதில் அப்பா பக்கம்தான் உவமை இருக்கிறது. “பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்த எங்களுக்கு” என்று முறுமுறுப்பவர்களுக்கு அந்தக் கதையிலேயே வசனம் கொடுத்து வைத்திருக்கிறார் இயேசு. கோபம் வரவில்லையென்றால் கதையைச் சரியாகக் கேட்கவில்லை என்று அர்த்தம். அதனால் உங்கள் மகள் இதை வாசித்து, “இது அநியாயம்” என்று சொன்னால் உடனே ‘கிருபை’ என்ற சொல்லைக் கொண்டுபோய் அவள் வாயை அடைக்காதீர்கள். கோபமாகவே இருக்கட்டும். ஒரு வாரம் இருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்பாவுக்கு ஒரு வாரம் போதவில்லை, முப்பது வருஷம் ஆனது. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்தார்கள். ஒரு பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை), மறுபக்கம் வீடமைப்பு. செம்பனை வேலைக்குக் காண்ட்ராக்டர் வெளிநாட்டு ஆட்களைக் கொண்டுவந்தார். ஐம்பத்தைந்து வயதில் கையில் உளியைத் தவிர வேறு தொழில் தெரியாத ஆள் டவுனில் என்ன செய்வார்? காலையில் வழக்கம்போல நாலரைக்கு எழுந்து குளித்து, கோப்பிக் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டு ஜெபத்தில் என் மகனை வாசிக்கச் சொன்னோம். வரிசைப்படி வந்தது மத்தேயு 20. அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான்: “நீங்கள் பகல் முழுவதும் இங்கே ஏன் சும்மா நிற்கிறீர்கள்.” அப்புறம் அந்த ஆட்களின் பதில்: “ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை.” அப்பா, “அத இன்னொரு தரம் படிய்யா” என்றார். அவன் படித்தான். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை, பாட்டுப் பாடி முடித்துவிட்டோம். அதற்கப்புறம் அவர் அந்த உவமையைத் திட்டிக் கேட்டதில்லை. அதுவரை காலையிலிருந்து உழைத்தவனின் இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்குச் சாயந்தரம் ஐந்து மணிக்கு நிற்கிறவனின் இடத்துக்கு வந்துவிட்டார்.

நான் அங்கே ஒரு வார்த்தை விளக்கம் சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். சொல்லாமல் இருந்தது என் ஞானத்தால் அல்ல, தொண்டை அடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இயேசுவே உவமைகளை அநேகமாகச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். விதைக்கிறவன் கதைக்கும் களை கதைக்கும் விளக்கம் கிடைத்தது சீஷர்கள் கிட்டே வந்து கேட்டபிறகுதான்.

பனியும் ஆட்டுக்குட்டியும் வேண்டாம் என்கிறீர்கள், சரி. நம்மிடம் இருக்கிறதே போதும். மாமியாரிடம் கேளுங்கள், கித்தாப் பாலில் ஆசிட் ஊற்றினால் என்ன ஆகும் என்று. தொட்டி நிறையப் பால், அதில் தண்ணீர் கலந்த ஃபார்மிக் ஆசிட் கொஞ்சம். ஊற்றிவிட்டு வந்துவிட வேண்டியதுதான். கொஞ்ச நேரத்தில் முழுத் தொட்டியும் கெட்டியாகி நிற்கும். ஒரு பெண் மூன்றுபடி மாவில் அடக்கிவைத்த புளித்தமாவைப் பற்றி வாசித்தபோது என் அப்பா, “நம்ம ஸ்டோர்ல ஆசிட் ஊத்தின மாதிரி” என்றார். அந்த மூன்றுபடி ஏறக்குறைய 40 லிட்டர் என்று விளக்கம் எழுதுகிறவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நம் வீட்டுத் தோசை மாவுச் சட்டியை நினைத்துக்கொண்டு வாசித்தால் அந்த அளவு பிடிபடாது, அது கல்யாண வீட்டு அளவு. அதே புளித்தமாவைப் பரிசேயருடைய உபதேசத்துக்கும் இயேசு உவமையாக்கி, எச்சரிக்கையாக இருங்கள் என்கிறார் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். ஒரே பொருளுக்கு ஒரே அர்த்தம் என்று பழக்கினால் பின்னால் அவர்களுக்குத்தான் கஷ்டம்.

அப்புறம் ஜெராய் மலை. உங்கள் தாமான் எந்தப் பக்கம் என்று தெரியாது, ஆனால் பீடோங்கில் அது கண்ணில் படாத வீடு குறைவு. 1,217 மீட்டர், பாதி நாள் உச்சியில் மேகம். 121ஆம் சங்கீதத்தைப் பிள்ளைகளோடு வாசிக்க வேண்டுமென்றால் கொல்லைப்புறத்தில் நின்று வாசியுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கையில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் 1871இல் முடிந்தது. ‘ஸ்திரீ’, ‘ஜாக்கிரதையாய்’, ‘வெள்ளிக்காசு’ என்றெல்லாம் வரும். மலாய்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு அது பாதி புரியாது. புரியாததிலும் ஒரு லாபம் உண்டு. நாம் ரிங்கிட்டை வெள்ளி என்றுதானே சொல்கிறோம்? என் வகுப்பில் ஒரு சிறுமி கண்ணை அகல விரித்து, “முப்பது வெள்ளிக்கா டீச்சர் யேசுவைக் காட்டிக்கொடுத்தான்? முப்பது வெள்ளிக்கு எங்கம்மா மீன்கூட வாங்க முடியலங்கறாங்க” என்றாள். எவ்வளவு மலிவாக விற்றான் என்பதை அவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வெள்ளி என்றதும் என் சொந்தக் கதை ஞாபகத்துக்கு வருகிறது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பதில் இதுதான் முக்கியமானது. என் மகனுக்குப் பதினொரு வயது. சம்பள நாளுக்கு மறுநாள் வீட்டில் ஐம்பது வெள்ளி காணவில்லை. முந்தின வாரம் அவன் என்னிடம் கேட்காமல் இரண்டு வெள்ளி எடுத்திருந்தான். அதனால் நான் விசாரிக்கவே இல்லை, அறைந்துவிட்டேன். “பொய் உதடுகள்” என்று ஒரு நீதிமொழி வேறு. அவன் அழவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். சாயந்தரம் அரிசி டின்னை நகர்த்தும்போது அடியில் அந்த நோட்டு. நான்தான் அங்கே வைத்திருந்தேன், பத்திரமாக இருக்கட்டும் என்று.

முதலில் ஒளித்துவிட நினைத்தேன். ‘எங்கேயோ இருந்துச்சு’ என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று பார்த்தேன். இரவு சாப்பாட்டுக்கப்புறம்தான் தைரியம் வந்தது. கணவர், மாமனார் எல்லோரும் இருக்கும்போதே, “நான் தப்பா அடிச்சிட்டேன், நோட்டை நான்தான் வச்சிருந்தேன், என்னை மன்னிச்சிடு” என்றேன். ஒரு வசனமும் சேர்க்கவில்லை. அவன் “சரிம்மா” என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டான். இவ்வளவுதானா என்று எனக்கே ஏமாற்றமாக இருந்தது.

ஒரு வருஷம் கழித்து லூக்கா 15 வாசித்தோம். பத்து வெள்ளிக்காசில் ஒன்றைத் தொலைத்த பெண் விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கித் தேடுகிற கதை. வாசித்து முடித்ததும் அவன் கேட்டான்: “அந்த அம்மா யாரையும் அடிக்கலையா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கண்ணீரோடு. யோசித்துப் பார்த்தால் அவன் கேட்டது சரியான கேள்வி. காசு தொலைந்ததும் அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. விளக்கை ஏற்றினாள், துடைப்பத்தை எடுத்தாள். கிடைத்ததும் நான் ஒளிக்கப் பார்த்தேன், அவளோ அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டாள். இத்தனை வருஷம் அந்த அதிகாரத்தை எடுத்த எனக்கு இது தெரிந்ததில்லை. கற்றுக்கொடுத்தது அறை வாங்கின பிள்ளை.

ஆகவே பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஒரு சம்பவத்தைத் தேடுகிறீர்கள் என்றால் முதலில் நீங்கள் தோற்ற சம்பவத்தைப் பாருங்கள். பிள்ளை தப்புச் செய்ததிலிருந்து எடுக்கிற பாடம் அநேகமாக எரிச்சலில்தான் முடிகிறது. “பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் மனந்தளர்ந்துபோகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்” என்று கொலோசெயர் நிருபத்தில் இருக்கிறது. தாய்மார்களுக்கு அதில் விதிவிலக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மாமியாரைப் பற்றி நீங்கள் கேள்வியின் கடைசியில்தான் எழுதியிருந்தீர்கள்: பிள்ளைகளுக்குத் திருநீறு பூசிவிடுகிறார், என்ன செய்வது என்று தெரியவில்லை என்று. 2010 மக்கள் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய 6 சதவீதம், இந்துக்கள் 86 சதவீதம். அதாவது கல்யாணம், கருமாதி, தீபாவளி என்று சொந்தபந்தம் கூடினால் நாம் எப்போதும் ஒரு மூலையில்தான் இருப்போம். திருநீறு விஷயத்தை உங்கள் கணவர் தன் அம்மாவிடம் தனியாக, மரியாதையாகப் பேசட்டும். மருமகள் வாயால் போனால் அது வேறு சண்டையாகிவிடும். படைத்த பலகாரம் சாப்பிடலாமா என்பதில் விசுவாசிகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு, 1 கொரிந்தியர் 8ஐயும் 10ஐயும் நீங்கள் இருவரும் உட்கார்ந்து வாசித்து ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒன்றுமட்டும் செய்யாதீர்கள்: பாட்டியை உங்கள் பாடத்தின் கெட்ட உதாரணமாக்காதீர்கள். “தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு” என்ற கட்டளையில் ‘விசுவாசியாக இருந்தால்’ என்று எழுதியில்லை.

உண்மையில் உங்கள் வீட்டில் இருக்கும் பெரிய சொத்து அவர்தான். ரூத்தின் புத்தகத்தை எடுங்கள், நாலே அதிகாரம். அறுக்கும்போது சிந்துகிறதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்பது லேவியராகமத்துச் சட்டம். அதை நம்பித்தான் அந்நிய தேசத்துப் பெண் ஒருத்தி தன் மாமியாருக்காக வயலில் இறங்குகிறாள். செம்பனைத் தோட்டத்தில் இருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குலை பழுத்தால் பழம் உதிரும். அறுவடைக்காரன் குலையைத் தள்ளிக்கொண்டு போன பிறகு கீழே கிடக்கும் உதிரிப் பழத்தைப் பெண்கள் குனிந்து குனிந்து பொறுக்கிச் சாக்கில் போடுவார்கள். முதுகு போய்விடும். போவாஸ் தன் ஆட்களிடம், அவளுக்காக வேண்டுமென்றே கொஞ்சம் சிந்தவிடுங்கள் என்கிறான். அப்படிச் சிந்தவிட்ட ஆள் யாராவது உங்கள் மாமியாரின் தோட்டத்தில் இருந்தாரா? இல்லை, ஒரு பழம் குறைந்தாலும் கத்துகிற மண்டோர்தான் (மேற்பார்வையாளர்) இருந்தாரா? எனக்குத் தெரியாது, அவருக்குத்தான் தெரியும். இப்போது அந்த வேலையைச் செய்கிற வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியப் பெண்களும் நம் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) நமக்குப் பக்கத்தில் நின்றுதான் காய்கறி வாங்குகிறார்கள். அந்தப் பக்கம் கதையை இழுக்கப் போவது உங்கள் மகளாகத்தான் இருக்கும், பாருங்கள்.

இந்த வெள்ளிக்கிழமை ரூத் இரண்டாம் அதிகாரத்தை மகளை வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டியை சபைப் பக்கம் இழுக்கிற தந்திரமாக இதைச் செய்யாதீர்கள், அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அவருக்குத் தெரிந்த வேலையைப் பற்றிப் பேசுகிற கதை என்பதால் கூப்பிடுங்கள், போதும். ரூத் சாயந்தரம் வீட்டுக்கு வந்ததும் நகோமி கேட்கிறாள், “இன்று எங்கே கதிர்பொறுக்கினாய்?” என்று. அங்கே நிறுத்திவிட்டு, அதே கேள்வியைப் பேத்தி பாட்டியிடம் கேட்கட்டும்: எந்தத் தோட்டத்தில், ஒரு நாளைக்கு எத்தனை சாக்கு, சாக்குக்கு எவ்வளவு கொடுத்தார்கள், மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்களே அதைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.